பாதி டேங்குக்குக் கீழே முள் தடுமாறுகிறது: மீட்டர் போர்டை மாற்றத்தான் வேண்டுமா?

கொங்குப் பகுதியிலிருந்து ஒரு இயற்பியல் ஆசிரியை எழுதியிருக்கிறார். வீட்டுக்கும் பள்ளிக்கும் 22 கிலோமீட்டர். 11 வருடப் பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்றில் தினமும் போய்வருகிறார். டேங்க் 35 லிட்டர். வண்டி ஓடியிருப்பது 74,000 கிலோமீட்டர். ஆறு மாதமாகப் பெட்ரோல் முள்ளில் கோளாறு. ஃபுல் டேங்கிலிருந்து பாதி வரை முள் ஒழுங்காக இறங்குகிறது. பாதிக்குக் கீழே வந்துவிட்டால், ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கிய கொஞ்ச நேரத்தில் ‘ஈ’ (காலி) கோட்டுக்கு விழுந்துவிடுகிறது, மஞ்சள் விளக்கும் எரிகிறது. சிறிது தூரம் போனதும் தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. போன மாதம் நேர்மாறாக ஒன்று நடந்தது. முள் கால் டேங்க் காட்டிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் தீர்ந்து, பைபாஸ் ஓரத்தில் வண்டி நின்றுவிட்டது.

சர்வீஸ் சென்டரில் 590 ரூபாய் செக்கிங் சார்ஜ் வாங்கிக்கொண்டு, மீட்டர் போர்டையே மாற்ற வேண்டும் என்று 16,500 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். ஊர் மெக்கானிக், “டேங்க் யூனிட் போயிருக்கும், மோட்டாரோட சேர்த்து மாத்திடலாம், ஏழாயிரம் ஆகும்” என்கிறார். இரண்டு வருடம் முன்பு அவரேதான் பெட்ரோல் மோட்டார் (டேங்குக்குள் இருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் பம்ப்) மாற்றியவர். கொழுந்தனாரோ, முள்ளில் ஒன்றுமில்லை, பங்க்கில் அளவு குறைத்துப் போடுகிறார்கள் என்கிறார். வாசகிக்கு வேறொரு சந்தேகம்: பேட்டரி ஒயரை ஒருமுறை கழற்றி மாட்டியபோது இரண்டு நாள் முள் சரியாக இருந்ததாம், அப்படியென்றால் இது கம்ப்யூட்டர் கோளாறுதானே? வீட்டில் மல்டிமீட்டர் இருக்கிறது, தானே சோதித்துப் பார்க்கலாமா, போர்ட்டிகோவிலேயே டேங்க்கைத் திறந்து பார்த்துவிடலாமா, தவறான எஸ்டிமேட் கொடுத்ததற்காக வழக்குப் போட முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு எந்த ஸ்பேரும் வாங்காதீர்கள். 16,500 ரூபாய்க்கும் வேண்டாம், ஏழாயிரத்துக்கும் வேண்டாம். கோளாறு டேங்க் பக்கமா, டேஷ்போர்டு பக்கமா என்பதைப் பின் சீட்டுக்கடியில் உள்ள ஒரு கப்ளரை, அதாவது ஒயர் இணைப்பை, கழற்றினால் அரை மணி நேரத்தில் தெரிந்துகொள்ளலாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இருவரும் அந்தச் சோதனையைச் செய்ததாகத் தெரியவில்லை. மெக்கானிக் சொன்னது சரியாக இருக்க வாய்ப்பு அதிகம்தான். ஆனால் அவர் சொல்கிற அளவுக்கு மாற்ற வேண்டியிருக்காது.

இயற்பியல் சொல்லிக்கொடுப்பவருக்கு இதை விளக்குவது சுலபம். டேங்க் யூனிட் என்பது இதுதான்: டேங்குக்குள் ஒரு மிதவை, அதன் கம்பியின் மறுமுனையில் மெல்லிய உலோக விரல்கள். ஒரு பீங்கான் தகட்டில் அச்சடித்த ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) தடத்தின் மேல் அந்த விரல்கள் உரசிக்கொண்டே நகரும். ஆய்வகத்தில் நீங்கள் வைத்திருக்கும் ரியோஸ்டாட்டின் சின்ன வடிவம்தான். டேஷ்போர்டில் இருக்கும் மின்னணுச் சுற்று ஒரு சிறு மின்னழுத்தத்தை அனுப்பி, திரும்பி வருவதைப் பார்த்து, முள்ளை நகர்த்தும் குட்டி மோட்டாருக்குக் கட்டளை கொடுக்கிறது. பெட்ரோல் அலைமோதும்போது முள் ஆடக் கூடாது என்பதற்காக, வருகிற அளவுகளைச் சராசரி எடுத்து மெதுவாகத்தான் நகர்த்தும்.

இந்த ரெசிஸ்டன்ஸ் எல்லா வண்டியிலும் ஒன்றல்ல. பழைய அமெரிக்க முறையில் காலி டேங்குக்கு 240 ஓம், ஃபுல்லுக்கு 33 ஓம். ஐரோப்பாவில் பரவலான ஒரு முறையில் தலைகீழ்: காலிக்கு 10, ஃபுல்லுக்கு 180. இன்னொன்றில் காலிக்கு 0, ஃபுல்லுக்கு 90. ஜப்பானிய வடிவமைப்பில் வந்த கார்களில் பெரும்பாலும் காலிக்கு அதிகம், ஃபுல்லுக்குக் குறைவு. எண்கள் மாடலுக்கு மாடல் மாறும், உங்கள் மாடலின் ஒர்க்ஷாப் மேனுவலில் இருப்பதே கணக்கு. “எல்லாம் ஒரே மாதிரிதான் சார்” என்று வேறு மாடலின் யூனிட்டை மாட்டிவிட்டு, ஃபுல் டேங்க்கில் முக்கால் காட்டுகிறதே என்று திணறுவது இதனால்தான்.

உங்கள் முள் என்ன சொல்கிறது

பாதி வரை சரியாக வேலை செய்து, பாதிக்குக் கீழே மட்டும் தடுமாறுகிறது. மீட்டர் போர்டில் கோளாறு என்றால், டேங்க்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கும்போது தடுமாற வேண்டும் என்று அதற்குத் தெரியாதே. முள்ளின் மோட்டார் பழுதானால் எங்கு வேண்டுமானாலும் சிக்கும். போர்டில் பற்றவைப்பு விட்டிருந்தால் வெயிலில் நின்ற பிறகோ, மேடு பள்ளத்திலோ, டேங்க் அளவைப் பொருட்படுத்தாமல் தவறு காட்டும். பெரும்பாலும் டெம்பரேச்சர் முள்ளோ வேறு விளக்குகளோ சேர்ந்து குழம்பும். மிதவை ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு வரும்போது மட்டும் தவறு நடக்கிறது என்றால், விரல்கள் உரசும் தடத்தில் அந்த இடம் தேய்ந்துவிட்டது என்று சந்தேகிப்பதே முறை. காலி டேங்குக்கு அதிக ரெசிஸ்டன்ஸ் உள்ள வண்டியில், விரல் தடத்தை விட்டு ஒரு கணம் விலகினால் சுற்று அறுந்து, ரெசிஸ்டன்ஸ் எல்லையற்றதாகி, டேங்க் காலி என்றே போர்டு எடுத்துக்கொள்ளும். முள் ‘ஈ’க்கு விழுவது அதனால்தான்.

தேய்மானம் அந்தப் பகுதியில் வருவதற்கும் காரணம் இருக்கிறது. எப்போதும் கால் டேங்குக்கும் பாதிக்கும் இடையிலேயே ஓட்டுபவரின் வண்டியில் அந்தத் துண்டுத் தடம்தான் வருடக்கணக்கில் உரசப்படுகிறது. 500 ரூபாய்க்குப் போடும் பழக்கம் உள்ளவர்களின் டேங்க் யூனிட் கீழ்ப்பாதியில் போவது இதனால்தான்.

மஞ்சள் விளக்கும் கூடவே எரிகிறது என்று எழுதியது பயனுள்ள தகவல். பழைய வண்டிகள் பலவற்றில் அந்த விளக்குக்கென்று டேங்க் அடியில் தனியாக ஒரு தெர்மிஸ்டர், அதாவது சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் பொருள், இருக்கும். பெட்ரோலில் மூழ்கியிருக்கும்வரை குளிர்ச்சியாக இருந்து, வெளியே தெரிந்ததும் சூடாகி விளக்கை எரியவைக்கும். அப்படிப்பட்ட வண்டியில் முள் பொய் சொன்னாலும் விளக்கு உண்மை சொல்லும். உங்கள் வண்டியில் இரண்டும் சேர்ந்தே விழுகின்றன. எனவே இரண்டுக்கும் மூலம் ஒரே சிக்னல். விளக்கை நம்பி ஓட்டாதீர்கள்.

கால் டேங்க் காட்டிக்கொண்டே வண்டி நின்றது வேறு கதை. தேய்ந்த தடத்தால் மட்டும் அதை விளக்க முடியாது. மிதவைக் கம்பி எங்கோ சிக்கிக்கொண்டு கீழே இறங்காமல் நின்றிருக்கிறது என்பதே என் முதல் சந்தேகம். இரண்டு வருடம் முன்பு மோட்டார் மாற்ற அந்த யூனிட்டை வெளியே எடுத்திருக்கிறார்கள். டேங்க்கின் வாய் வழியாக அதைச் சாய்த்துத்தான் எடுக்க வேண்டும், மாட்டும்போதும் அப்படியே. அவசரத்தில் நேராகத் தூக்கினால் கம்பி வளைந்துவிடும். திசை கொஞ்சம் தப்பிப் பொருத்தினாலும் மிதவை டேங்க் சுவரையோ உள்ளே இருக்கும் ஹோஸையோ இடிக்கும். மெக்கானிக்கைக் குற்றம் சொல்ல இது போதாது. பார்த்தால்தான் தெரியும்.

பேட்டரி விஷயத்துக்கு வருகிறேன். பல மீட்டர் போர்டுகள் கடைசியாகக் காட்டிய அளவை நினைவில் வைத்துக்கொண்டு, புது அளவை மெல்ல மெல்லத்தான் ஏற்கும். பேட்டரியைக் கழற்றினால் அந்த நினைவு அழிந்து, அந்த நிமிடத்தில் வருகிற சிக்னலைப் புதிதாக எடுத்துக்கொள்ளும். விரல் நல்ல தடத்தில் இருந்த நேரமாகப் பார்த்து நீங்கள் மாட்டியிருந்தால் சரியாகக் காட்டியிருக்கும், இரண்டு நாளில் பெட்ரோல் குறைந்ததும் பழையபடி ஆகியிருக்கும். அதை வைத்துக் கம்ப்யூட்டர் கோளாறு என்று முடிவு கட்ட முடியாது.

பின் சீட்டுக்கடியில் செய்ய வேண்டிய சோதனை

டேங்க் பாதிக்குக் கீழே இருக்கும் நாளாகப் பாருங்கள், ஏனென்றால் கோளாறு அங்கேதான். திறந்த வெளியில் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்துவிடுங்கள். பின் சீட்டின் அடிப்பலகையை முன்பக்க ஓரத்தில் பிடித்து மேலே இழுத்தால் பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளில் கிளிப்பிலிருந்து விடுபடும். கீழே விரிப்பு, அதற்கடியில் ஸ்க்ரூ போட்ட அல்லது பசைபோட்டு ஒட்டிய ஒரு மூடி. சில மாடல்களில் இந்த மூடியே இருக்காது, டேங்க்கை இறக்கினால்தான் யூனிட் தெரியும். உங்களுடையது அப்படி என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு ஒர்க்ஷாப்புக்குப் போங்கள். சீட்டைத் தூக்கியதும் பெட்ரோல் வாடை வந்தாலும் அப்படியே. அது வேறொரு கோளாறு, முள்ளைவிட அவசரமானது.

கப்ளரின் பூட்டை அழுத்திக் கழற்றுங்கள். பெரும்பாலும் நான்கு ஒயர் இருக்கும். கனமான இரண்டு மோட்டாருக்கு, மெல்லிய இரண்டு மிதவைக்கு. ஒயரின் நிறத்தை நம்ப வேண்டாம். டேங்க் பக்கத்து ஊசிகளில் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்துப் பாருங்கள்: மோட்டார் சுருள் ஓரிரு ஓம்தான் காட்டும், மிதவைத் தடம் பத்துகளிலோ நூறுகளிலோ காட்டும். எது எது என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். மோட்டாருக்கு 12 வோல்ட் வரும் ஊசியைத் தவறியும் எர்த்தோடு இணைத்துவிடக் கூடாது, ஃப்யூஸ் போய்விடும்.

இனி முக்கியமான சோதனை. டேங்க்கைத் திறக்காமலே செய்யலாம். மிதவை ஊசிகள் இரண்டிலும் மீட்டரை 2,000 ஓம் அளவில் வையுங்கள் (200 ஓம் அளவில் வைத்தால் அதற்கு மேல் உள்ளதை அறுந்துபோனதாகக் காட்டி ஏமாற்றும்). வீட்டில் இரண்டு பேரைக் கூப்பிட்டு வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டச் சொல்லுங்கள். பெட்ரோல் அலையும், மிதவை ஆடும், எண் கொஞ்சம் ஏறி இறங்கும். ஏறி இறங்குவது சீராக இருந்தால் தடம் நன்றாக இருக்கிறது. நடுநடுவே மீட்டர் சட்டென்று ‘1’ என்றோ ‘ஓஎல்’ என்றோ காட்டிவிட்டுத் திரும்பினால் அங்கேதான் தடம் விட்டிருக்கிறது. எவ்வளவு ஆட்டியும் எண் அசையவே இல்லையென்றால் கம்பி சிக்கியிருக்கிறது.

அடுத்தது மீட்டர் போர்டின் பக்கம். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் 47, 100, 220 ஓம் ரெசிஸ்டர்கள், 1 வாட் தாங்குபவையாக ஒவ்வொன்று வாங்குங்கள். எல்லாம் சேர்த்து ஒரு காபி விலைதான். ஒயரிங் பக்கத்துக் கப்ளரில் மிதவைக்குரிய இரண்டு துளைகளுக்கு இடையே ஒன்றைச் செருகி, அதன் பிறகு இக்னிஷனை ஆன் செய்யுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம், மோட்டார் இணைப்பில் இல்லாததால் ஸ்டார்ட் ஆனாலும் சீக்கிரமே நின்றுவிடும். முள் நிலைக்கு வர இரண்டு நிமிடம்வரை பொறுங்கள். இக்னிஷனை அணைத்து அடுத்த ரெசிஸ்டரை மாற்றுங்கள். மூன்றுக்கும் முள் மூன்று வெவ்வேறு இடங்களில் ஆடாமல் நின்றால், மீட்டர் போர்டும் அதுவரை போகிற ஒயரும் நன்றாக இருக்கின்றன என்று பொருள். மாடலுக்கேற்ப ஏதோ ஒரு ரெசிஸ்டர் அளவுகோலுக்கு வெளியே விழுந்து முள் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளலாம், அதைக் கோளாறாக எண்ண வேண்டாம். ஒயரை நேரடியாக எர்த்தில் தொட்டு முள் ஏறுகிறதா பார்ப்பது பழைய ஆட்டோ எலெக்ட்ரீஷியன்களின் வழி. உங்கள் காலத்து மின்னணுப் போர்டில் ரெசிஸ்டர் வைத்துப் பார்ப்பதே பாதுகாப்பு. எர்த்தைத் தொடுவது இரண்டு ஓரங்களை மட்டும்தான் சொல்லும், நடுவில் என்ன நடக்கிறது என்று சொல்லாது.

எர்த் பற்றி ஒரு வார்த்தை. பல வண்டிகளில் மோட்டாரும் மிதவையும் ஒரே எர்த் போல்ட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த போல்ட் துருப்பிடித்து 0.2 ஓம் தடை சேர்ந்தாலும், மோட்டார் இழுக்கிற ஐந்து ஆம்பியருக்கு அங்கே 1 வோல்ட் விழும். அது மிதவையின் கணக்கைக் கெடுக்கும். இதைச் சோதிக்கக் கப்ளர் மாட்டியிருக்க வேண்டும், இன்ஜின் ஓட வேண்டும். கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய முனையை நுழைத்து, எர்த் ஒயருக்கும் பெயிண்ட் இல்லாத பாடி உலோகத்துக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. உங்கள் வண்டியில் இன்ஜின் ஓடும்போதும் பாதி வரை முள் ஒழுங்காகவே இறங்குகிறது என்பதால் எர்த் மேல் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. பார்த்துவிடுவதில் செலவில்லை, அவ்வளவுதான்.

டேங்க்கைத் திறப்பது வீட்டில் வேண்டாம்

இதுவரை சொன்னவை எல்லாம் டேங்க்குக்கு வெளியே. யூனிட்டை வெளியே எடுப்பதை மட்டும் தயவுசெய்து போர்ட்டிகோவில் செய்யாதீர்கள். உங்கள் கைத்திறனில் எனக்கு ஐயமில்லை, இடத்தில்தான். பெட்ரோலின் தீப்பற்று வெப்பநிலை சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ். நம் ஊர் வெயிலில் அது எந்நேரமும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். காற்றில் 1.4 சதவீதம் ஆவி கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து வாசல்படி வழியாக வீட்டுக்குள் இறங்கும். படிக்கட்டுக்கடியில் இன்வெர்ட்டர், ஹாலில் ஃபிரிட்ஜ், பூஜை அறையில் விளக்கு. இதில் எது பொறி போட்டாலும் போதும்.

மெக்கானிக்கிடம் கொடுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். டேங்க் கால் பாகத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மோட்டார் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓடவிட்டு அதுவாக நிற்கச் செய்தால் லைனில் இருக்கும் அழுத்தம் (பல வண்டிகளில் 3 பார் அளவு) இறங்கிவிடும். பிறகு பேட்டரி மைனஸைக் கழற்ற வேண்டும். யூனிட்டைச் சுற்றி வருடக்கணக்காகச் சேர்ந்த புழுதியை முதலில் பிரஷ்ஷால் எடுக்காவிட்டால் அத்தனையும் டேங்க்குக்குள் போகும். பூட்டு வளையம் இறுகியிருந்தால் இரும்பு ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியால் தட்டுவதை அனுமதிக்காதீர்கள். மரக்கட்டை அல்லது பித்தளைத் துண்டு போதும். யூனிட்டின் திசையை மார்க்கரால் குறித்துவைக்கச் சொல்லுங்கள். ரப்பர் சீல் புதிதாகத் தயாராக இருக்கட்டும். பழையது பெட்ரோலில் ஊறி உப்பியிருக்கும், திரும்ப அதன் பள்ளத்தில் உட்காராது.

வெளியே வந்ததும் மூன்றைப் பாருங்கள். மிதவையைக் காதருகே ஆட்டினால் உள்ளே சலசலப்பு இருக்கிறதா. இருந்தால் ஓட்டை விழுந்து பெட்ரோல் ஏறியிருக்கிறது. கம்பி மேலிருந்து கீழே தன் எடையிலேயே தங்குதடையில்லாமல் விழுகிறதா. மூன்றாவது, மல்டிமீட்டரை மாட்டி, கம்பியை விரலால் மிக மெதுவாக முழுத் தூரமும் நகர்த்தும்போது எண் எங்கே அறுகிறது. இதற்கு முள் வைத்த பழைய மல்டிமீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. நொடிக்கு இரண்டு மூன்று முறை மட்டும் அளக்கும் டிஜிட்டல் மீட்டர் சின்ன அறுப்பைத் தவறவிடும்.

தடத்தின் தொடுபுள்ளிகள் கறுத்திருந்தால் அது தேய்மானமாக இல்லாமல் கந்தகப் படிவாகவும் இருக்கலாம். தொடுபுள்ளிகளில் வெள்ளி கலந்திருக்கும், பெட்ரோலில் உள்ள வினைபுரியும் கந்தகம் அதில் ஒட்டி வெள்ளி சல்ஃபைடாகும். 2004 மே மாதம் அமெரிக்காவின் லூசியானா, ஃபுளோரிடா பகுதிகளில் கந்தகம் கூடுதலாகப் போன பெட்ரோலால் ஏராளமான கார்களின் முள் ஒரேயடியாகக் கெட்டுப்போனது இப்படித்தான். நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் பிஎஸ் 6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி எரிபொருளில் கந்தகம் 10 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 10 பங்கு) இருக்க வேண்டும், முன்பு பிஎஸ் 4-இல் 50. எனவே புதிய படிவுக்கு வாய்ப்பு குறைந்திருக்கிறது, உங்கள் வண்டி அதற்கு முந்தையது என்பதால் பழைய படிவு இருக்கலாம். காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயும் பஞ்சு விடாத துணியும் போதும். உப்புத்தாள் கூடாது, அச்சடித்த தடம் சில மைக்ரான் தடிமன்தான். படிவு போய் எண் சீரானால் ஒரு ரூபாய் ஸ்பேர் இல்லாமல் வேலை முடிந்தது. தடமே பள்ளமாகியிருந்தால் சுத்தம் செய்தும் பயனில்லை. விரலைக் கொஞ்சம் வளைத்து அழுத்தம் கொடுப்பார்கள், சில மாதம் ஓடும். மறுபடியும் டேங்க்கைத் திறக்க வேண்டிவரும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், மிதவையும் தடமும் மட்டும் தனி ஸ்பேராகக் கிடைக்குமா என்று பார்ட் நம்பர் வைத்துக் கேளுங்கள். பல மாடல்களில் கிடைக்கும், மோட்டாரோடு சேர்ந்த முழு அசெம்ப்ளியில் சிறு பங்கு விலைதான். இரண்டு வருடம் முன்பு மாற்றிய மோட்டார் நன்றாக இருக்கும்போது அதையும் தூக்கிப்போடுவானேன்? முழு அசெம்ப்ளியாக மட்டும்தான் வருகிறது என்றால் ஏழாயிரம் அநியாயமில்லை. பழைய ஸ்டாக் டூப்ளிகேட் வேண்டாம். கடையிலேயே இரண்டு ஓரங்களிலும் ஓம் அளந்து, உங்கள் மேனுவல் எண்ணோடு ஒத்துப்போகிறதா பார்த்து வாங்குங்கள். கலக்கப்படும் எத்தனாலைத் தாங்கும் ரப்பரா என்றும் கேளுங்கள், இப்போது பங்க்கில் வருவது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20தான்.

மாட்டிய பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மூன்று முறை ஆன் செய்து அணைத்தால் லைனில் அழுத்தம் ஏறும். சீலைச் சுற்றி ஈரமோ வாடையோ இல்லை என்று பார்த்த பிறகே சீட்டை மாட்ட வேண்டும்.

அதுவரை ஓட்டுவது எப்படி

ட்ரிப் மீட்டரை நம்புங்கள். ஃபுல் டேங்க் போட்டு ட்ரிப்பைப் பூஜ்யமாக்குங்கள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், 300 கிலோமீட்டரில் 20 லிட்டர் தீர்ந்து 15 லிட்டர் மிச்சமிருக்கும். தினமும் 44 கிலோமீட்டர் ஓடும் உங்களுக்கு அது ஒரு வாரப் பள்ளிக்கும் மேல் வரும். நிரப்பும்போது துப்பாக்கி முதல்முறை தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். கழுத்துவரை நிரப்பினால் ஆவியை உறிஞ்சும் கரிப்பெட்டியில் பெட்ரோல் புகுந்து கெடுக்கும். இன்னொரு முறை காலியாகி நிற்கவிடாதீர்கள். டேங்க் மோட்டாரைக் குளிர்விப்பது அதைச் சுற்றியும் அதன் வழியாகவும் ஓடுகிற பெட்ரோல்தான், வறண்டு ஓடினால் புது மோட்டாரும் போய்விடும்.

கொழுந்தனார் சந்தேகத்துக்கும் ஒரு வழி உண்டு. கார் முள் அளவுகோல் அல்ல. டேங்க் கோணல்மாணலான வடிவம் என்பதால் ஐந்து லிட்டருக்கு முள் மேலே ஒரு தூரமும் கீழே ஒரு தூரமும் ஏறும். இக்னிஷனை அணைக்காமல் நிரப்பினால் சில வண்டிகளில் முள் வெகுநேரம் ஏறாது. “35 லிட்டர் டேங்க்கில் 38 லிட்டர் எப்படிப் போட்டார்கள்” என்பதும் இதைப் போன்றதே. கையேட்டில் உள்ள கொள்ளளவில் ஆவிக்கான காலியிடமும் குழாய்க் கழுத்தும் சேராது. உண்மையிலேயே ஐயமென்றால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவைக் குவளையில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பங்க்கிலும் அது இருக்க வேண்டும், கேட்பது உங்கள் உரிமை. 5 லிட்டருக்கு 25 மில்லி வரை வித்தியாசம் அனுமதிக்கப்பட்டது. அதற்கு மேல் குறைந்தால் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் கீழ் உள்ள சட்டமுறை எடையளவுப் பிரிவில் புகார் கொடுக்கலாம்.

சர்வீஸ் சென்டரிடம் என்ன கேட்கலாம்

வழக்கு என்று இப்போதே யோசிக்க வேண்டாம். அவர்கள் எஸ்டிமேட் மட்டும்தான் கொடுத்திருக்கிறார்கள், நீங்கள் மாற்றவில்லை. உங்கள் நஷ்டம் 590 ரூபாய். ஆனால் அந்த 590-க்கு என்ன சோதித்தார்கள் என்று எழுத்தில் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. டேங்க் யூனிட்டின் ஓம் அளந்தீர்களா, கப்ளரில் மாற்று ரெசிஸ்டன்ஸ் வைத்துப் பார்த்தீர்களா, ஸ்கேனரில் என்ன எரர் கோட் வந்தது என்று மூன்று கேள்வியை மெயிலில் அனுப்புங்கள். பதில் இல்லாவிட்டால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள், இதுபோன்ற சிறிய தொகைகளுக்குப் பெரும்பாலும் அதுவே போதும். பணம் வாங்கிப் போர்டை மாற்றி, அதன் பிறகும் முள் அப்படியே இருந்திருந்தால் அது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. அப்போது மாவட்ட ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போகலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது.

ஒருவேளை ரெசிஸ்டர் சோதனையில் முள் தாறுமாறாக ஆடினால், சர்வீஸ் சென்டர் சொன்னது சரி என்றாகிவிடும். அப்போதும் 16,500 உடனே கொடுக்க வேண்டியதில்லை. முள்ளின் மோட்டாரை மாற்றவும் விட்டுப்போன பற்றவைப்பைச் சரிசெய்யவும் மீட்டர் போர்டு ரிப்பேர் மட்டுமே செய்பவர்கள் கோயம்புத்தூர் போன்ற ஊர்களில் இருக்கிறார்கள், அவர்களிடம் ஒரு விலை கேளுங்கள். புதுப் போர்டுதான் என்றால் பழைய 74,000 கிலோமீட்டரை அதில் ஏற்றித்தர வேண்டும் என்றும், மாற்றிய தேதியையும் அன்றைய கிலோமீட்டரையும் ஜாப் கார்டில் எழுதி முத்திரையிட்டுத் தர வேண்டும் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்தத் தாள் இல்லாமல் நாளைக்கு வண்டியை விற்கப் போனால், மீட்டரைத் திருத்தியிருக்கிறார்கள் என்றுதான் வாங்க வருபவர் நினைப்பார். கழற்றிய பழைய போர்டையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.